பேச்சி பேரில் நாற்பது மெஷின்கள்

நான் ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் பழைய ஆபீசிலிருந்து போன் வந்தது. நான் பார்த்த வேலையை இப்போது ஒரு மென்பொருளே பார்த்துவிடுகிறதாம். கையேடு எழுதுகிற வேலையை மனிதர்கள் பார்த்த காலத்தில் அது எப்படி இருந்தது என்று ஆபீஸ் இதழுக்கு இரண்டு பக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார்கள். ஏதோ நான் ராஜாவுக்குப் பல்லக்குத் தூக்கியவன் மாதிரி. இந்தக் கோமதிநாயகம் இரண்டு பக்கத்தில் நிற்கிறவன் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே கேட்டிருக்கிறார்கள், அனுபவிக்கட்டும்.

என் வேலை என்னவென்று என் சொந்தக்காரர்களுக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. என் மாமனார், "மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல இருக்காரு" என்பார். அதற்கு மேல் யாரும் கேட்கவும் மாட்டார்கள். உண்மையில் நான் கம்ப்யூட்டரைத் தொட்டதைவிடக் கம்ப்யூட்டரைத் தொடுகிறவர்களுக்கு எதைத் தொட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று எழுதியதுதான் அதிகம்.

வேதியியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல், கோயம்புத்தூரில் ஒரு கிரைண்டர் கம்பெனியில் சேர்ந்தேன். கிரைண்டரோடு சின்னதாக ஒரு புத்தகம் வருமே, வீட்டில் யாரும் பிரித்துப் பார்க்காமல் அலமாரியில் போடுவார்களே, அதை எழுதுவது என் வேலை. 'கல் சுற்றும்போது கையை உள்ளே விடாதீர்கள்' என்பது அச்சில் வந்த என் முதல் வாக்கியம். அங்கிருந்து சென்னை, அங்கே ஒரு மென்பொருள் கம்பெனி. அந்தக் கம்பெனி தென்காசியில் ஒரு கிளை திறந்தபோது முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். கீழே ஆடித் தள்ளுபடி மைக் அலறும். மேலே நாங்கள் உலகத்துக்கெல்லாம் இங்கிலீஷில் கையேடு எழுதுவோம்.

எங்கள் மென்பொருள் என்ன செய்யும் என்று நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனியில் நூறு கம்ப்யூட்டர் இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டாம். எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுகிற மாதிரி எழுதிக் கொடுத்தால் இது நூறையும் அப்படியே ஆக்கிவிடும். சரியாக எழுதினால் நூறும் சரியாகும். தப்பாக எழுதினாலும் நூறுமே அதே மாதிரி தப்பாகும். அதில் பாரபட்சமே கிடையாது.

அந்தக் கையேட்டில் என் பொறுப்பில் வந்த பக்கம், ஃபைல்களின் உரிமையும் அனுமதியும் பற்றியது. கம்ப்யூட்டரில் இருக்கிற ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அவரைச் சேர்ந்த ஒரு குழு உண்டு. மிச்சப் பேர் எல்லாம் வெளியாட்கள். யார் என்ன செய்யலாம் என்பதை மூன்று எண்களில் அடக்கிவிடலாம். ஏழு என்றால் சகல அதிகாரமும். ஐந்து என்றால் உள்ளே போகலாம், பார்க்கலாம், எதையும் மாற்றக்கூடாது. பூஜ்யம் என்றால் வாசலோடு சரி. எனக்கு முதலில் இது மண்டையில் ஏறவில்லை. ஒரு நாள் எங்கள் வீட்டு அடுப்படியை நினைத்துப் பார்த்தேன், பளிச்சென்று புரிந்துவிட்டது. அங்கே என் மனைவி பேச்சியம்மாள் ஏழு. நானும் மகளும் ஐந்து. பக்கத்து வீட்டுக்காரர் பூஜ்யம்.

இனி சேஷாத்ரி சாரைச் சொல்ல வேண்டும். நாங்கள் எழுதுகிற பக்கத்தைப் பார்த்து, ஒப்புக்கொண்டு, வெளியே அனுப்புகிற மேலதிகாரி. இருப்பது சென்னை. வருஷம் பூராவும் தென்காசிக் கிளை என்று ஒன்று இருப்பதே அவர் நினைவுக்கு வராது. ஜூன் பிறந்து, குற்றாலத்தில் சாரல் விழுகிறது என்று டிவியில் காட்டினார்களோ இல்லையோ, 'தென்காசி ஊழியர்களின் பணியை நேரில் ஆய்வு செய்வது அவசியம்' என்று மெயில் வந்து நிற்கும். ஐந்தருவி போகிற வழியில் ஒரு அறை எடுத்துத் தங்குவார். ஆய்வும் அங்கேதான். நாங்கள் லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு சாரலில் நனைந்தபடி போவோம். காலையில் ஒரு குளியல், மத்தியானம் ஒரு குளியல், சாயங்காலம் ஒன்று. குளியலுக்கும் குளியலுக்கும் நடுவில் எங்களைப் பார்ப்பார். தலையில் ஈரத் துண்டு, கையில் நீலப் பென்சில். திரையில் பார்க்க மாட்டார், தாளில் அச்செடுத்துத் தர வேண்டும்.

குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு வாக்கியத்தின் மேல் பென்சில் முனையை வைப்பார். "இது எதுக்கு?" என்பார். நாம் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கோடு விழுந்துவிடும். ஒரு பக்கம் உள்ளே போனால் முக்கால் பக்கம் வெளியே வரும். காய்ச்சலுக்கு நான் கொடுத்த விடுமுறைக் கடிதத்தை வாங்கி, 'காய்ச்சல். மூன்று நாள்.' என்று மட்டும் விட்டு மற்றதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என் மகள் கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோது கை தானாகப் பென்சிலைத் தேடியது. 'சுற்றமும் நட்பும் சூழ' என்ற இடத்தில் முனை நின்றது. "இது எதுக்கு கோமதி? வர்றவங்க எப்படியும் அப்படித்தானே வருவாங்க?" என்றார். பிறகு சுதாரித்துக்கொண்டு பென்சிலைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு வாழ்த்தினார். கல்யாணத்துக்கு வந்தார். தனியாகத்தான் வந்தார்.

எடுத்துக்காட்டுகளுக்கு அவரிடம் இரண்டு சட்டம் இருந்தது. ஒன்று, கையேட்டில் போடுகிற ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் நாமே ஒரு மெஷினில், அதாவது கம்ப்யூட்டரில், ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஓடாத எடுத்துக்காட்டு பக்கத்தில் ஏறக்கூடாது. இரண்டு, அதில் போடுகிற ஆள் பெயர் எந்த ஊரிலும் தற்செயலாக இருக்கக்கூடாத பெயராக இருக்க வேண்டும். ஜான், டேவிட் என்று போட்டால் அப்படி ஒருவர் அங்கே நிஜமாகவே இருந்து தொலைப்பார். பெயரைப் பார்த்ததும் 'இது நமக்கில்லை, மாற்றிக்கொள்ள வேண்டியது' என்று படிக்கிறவனுக்குத் தோன்ற வேண்டும்.

நான் அதிகம் யோசிக்கவில்லை. சொந்தக்காரர்: பேச்சி. குழு: வீடு. அனுமதி: ஏழு, ஐந்து, பூஜ்யம். பேச்சி என்று ஒரு ஆளை உண்டாக்கு, வீடு என்று ஒரு குழுவை உண்டாக்கு, இந்த ஃபோல்டரையும் அதற்குள் இருக்கிற எல்லாவற்றையும் பேச்சி பேருக்கு மாற்று. இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, ஓட்டிப் பார்த்தேன். எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. அடியில் ஒரு வாக்கியமும் சேர்த்தேன்: 'இதில் உள்ள பெயர்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே, உங்கள் பெயர்களை இட்டுக்கொள்ளவும்.' சேஷாத்ரி சார் பென்சில் முனையை அதன் மேல் வைத்தார்.

"இது எதுக்கு? பேச்சின்னு பார்த்ததும் மாத்த மாட்டானா?"

கோடு விழுந்தது. பக்கம் உலகத்துக்குப் போனது. மறுவருஷம் மேலிடத்திலிருந்து புது உத்தரவு வந்தது. கையேடு முழுக்க ஒரே மாதிரிப் பெயர்தான் இருக்க வேண்டுமாம். பேச்சியை எடுத்துவிட்டு அவர்கள் சொன்ன உப்புச்சப்பில்லாத பெயரைப் போட்டோம். பழைய பக்கம் இணையத்திலிருந்து இறங்கியது. பழைய தாள்களைச் சேர்த்து வைக்கிற எங்கள் காப்பறையில் மட்டும் ஒரு பிரதி இருந்தது.

அதெல்லாம் மறந்துபோய், ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது, ஒரு மழைக்காலை. குடையை வாசலில் சாய்த்துவிட்டு ஒரு ஆள் மாடியேறி வந்தார். முப்பது வயதிருக்கும். நல்ல சட்டை, தூங்காத கண். வாசலில் நின்று ஆபீஸ் முழுவதையும் பார்த்துக் கேட்டார்.

"இங்கன பேச்சின்னு யாரும் இருக்காவளா?"

ஆபீசில் அத்தனை பேர் தலையும் என் பக்கம் திரும்பியது. முன்பின் தெரியாத ஒருத்தன் வந்து பெண்டாட்டி பேரைச் சொல்லிக் கேட்டால் எந்த மனுஷன்தான் எழுந்து நிற்க மாட்டான்?

"பேச்சி எங்க வீட்டுக்காரி. ஒமக்கு என்னய்யா வேணும்?"

"அவுகளாலதான் எனக்கு வேலை போவப் போவுது அண்ணாச்சி" என்றார். சொல்லிவிட்டு அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பெயர் சாகுல். ஊர் தென்காசிக்குப் பக்கத்தில் அச்சன்புதூர். வளைகுடாவில் ஒரு பெரிய சரக்குக் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. பழைய ஆவணங்களை ஸ்கேன் பண்ணிப் போட்டு வைத்திருந்த ஃபோல்டரை நாற்பது மெஷினிலும் வெளியாட்கள் தொடாமல் பூட்டி வை என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கையேட்டைத் திறந்து, அந்த எடுத்துக்காட்டை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். ஃபோல்டரின் இடத்தை மட்டும் மாற்றினார். பெயரை மாற்றவில்லை. பழைய ஆவணங்கள் என்பதால் மாதக்கணக்கில் யாரும் அதைத் திறந்ததாகத் தெரியவில்லை. தணிக்கைக்கு வந்தவர்கள் திறக்கப் போனபோது நாற்பது மெஷினிலும் கதவு சாத்தியிருந்தது. யார் பேரில் இருக்கிறது என்று பார்த்தால் பேச்சி.

"பேச்சி யாரு, யாருக்கு வழி திறந்துவிட்டேன்னு கேக்கான் மேனேஜர். கையேட்டுல இருந்துச்சுன்னேன். திறந்து பாத்தா அதுல இப்ப வேற பேரு போட்டிருக்கு. வெளியாள்கிட்ட கம்பெனியை வித்துட்டேன்னு லீவு குடுத்து அனுப்பிட்டான். பத்து நாள்ல பேச்சி யாருன்னு காட்டணும். இல்லைன்னா விசா கேன்சலு, போலீசுல புகாரு. நம்ம ஊர்ல திருட்டுப் பயன்னு பேராயிரும் அண்ணாச்சி."

"அது சரி தம்பி. அச்சன்புதூர்க்காரருக்குப் பேச்சின்னா யாருன்னு தெரியாதா? பேரைப் பாத்ததும் மாத்தியிருக்க வேண்டாமா?"

"பாத்தேன் அண்ணாச்சி. நம்ம பக்கத்துச் சாமி பேரா இருக்கேன்னுகூட நெனச்சேன். ஆனா எல்லா மெஷின்லயும் டீமன்னு ஒரு ஆளு அவனாவே இருக்கான். கேட்டா அது பூதம்ங்கான். பூதம் இருக்க எடத்துல காவலுக்குப் பேச்சியும் இருக்கும்போலன்னு விட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். கண்ணில் படாமல் பின்னால் தானாக ஓடுகிற நிரலுக்குக் கம்ப்யூட்டர்க்காரர்கள் வைத்த பெயர் அப்படி. பூதத்தைக் கண்ட இடத்தில் பேச்சியைத் தேடுவது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி. லீவில் வந்து படுத்திருந்தபோதுதான் சாகுலுக்கு உறைத்திருக்கிறது, இந்தப் பெயரைத் திருநெல்வேலிச் சீமையைத் தாண்டி எவனும் வைக்க மாட்டான் என்று. அங்கே மேனேஜர் ரஷ்யாவா, சீனாவா என்று தேடிக்கொண்டிருக்க, இவர் குற்றாலம் பஸ்சில் போகும்போது கையேட்டில் இருந்த அதே கம்பெனி பேரை எங்கள் போர்டில் பார்த்து இறங்கிவிட்டார். உலகத்தில் எங்கேயும் இருக்கக்கூடாது என்று நான் தேடிப் போட்ட பெயர் என் வீட்டு வாசலைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

நல்ல வேளை, சாரல் காலம். சேஷாத்ரி சார் ஐந்தருவி அறையில் இருந்தார். சாகுலைக் கூட்டிக்கொண்டு போனேன். மத்தியானக் குளியலை முடித்துத் துண்டோடு உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். கடிதம் கொடுக்கலாம், ஆனால் 'தவறு' என்ற சொல் மட்டும் வரக்கூடாது, கம்பெனி வக்கீல்கள் விட மாட்டார்கள் என்றார். நான் உருக்கமாக ஒரு பக்கம் எழுதினேன். சார் பென்சிலை எடுத்தார். கடைசியில் மிஞ்சியது இதுதான்: 'பேச்சி ஓர் எடுத்துக்காட்டு. பழைய பக்கம் இணைப்பில்.'

கடிதம் போன மறுநாளே பதில் வந்தது. எடுத்துக்காட்டை நேரில் பார்க்க விரும்புவதாக எழுதியிருந்தார்கள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். பேச்சி தோசைக் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என் பேரை எங்கன எழுதுனிய?"

"கையேட்டுல."

"எதுக்கு?"

சேஷாத்ரி சார் கேட்டால்கூட இதற்குப் பதில் சொல்லியிருப்பேன். இவளுக்கு என்ன சொல்ல? இன்னொரு தோசை கேட்டேன். ஆனால் சாகுலின் நிலையைச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. மறுநாள் பட்டுச்சேலை கட்டி, ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, எங்கள் கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள்.

வீடியோவில் அந்தப் பக்கம் இரண்டு பேர். பேசாமல் முறைத்துக்கொண்டிருந்தவர் மேனேஜர். பேசியவர் பாதுகாப்பு அதிகாரி தாமஸ், மலையாளி. இந்தப் பக்கம் நான், பேச்சி, ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு சாகுல். சேஷாத்ரி சாரும் குற்றாலத்திலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தலை சரியாகக் காயவில்லை.

"சேச்சி, நிங்களாணோ பேச்சி?" என்றார் தாமஸ்.

பேச்சிக்குப் பிறந்த ஊர் கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டை. மலையாளம் அவளுக்குப் புதிதில்லை. "ஞான்தான்" என்று சொல்லி ஆதார் அட்டையைக் கேமராவை ஒட்டிப் பிடித்தாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அவள் கட்டைவிரல்தான் தெரிந்திருக்கும்.

"எங்க மெஷினுக்குள்ள எப்படி வந்தீங்க?" என்று தமிழுக்கு மாறினார் தாமஸ்.

"நான் ஏன் வாரேன்? கல்யாணமாகி முப்பது வருசம், இந்த மனுசன் என் பேர்ல ஒரு சென்ட் எடம் எழுதுனதில்ல. அங்கன ஒங்க நாப்பது மெஷினை எழுதி வச்சிருக்காராம். நான் கேட்டனா? நீங்களே எடுத்துக்கிடுங்க, எனக்கு வேண்டாம். இந்தப் பையனை மட்டும் ஒண்ணும் செஞ்சிராதிய."

தாமஸ் சிரிப்பை மறைக்கக் குனிந்து எதையோ தேடினார். மேனேஜருக்கு மொழி புரியவில்லை. ஆனால் திட்டு விழுவது யாருக்கு என்று புரிந்துவிட்டது. பாவம் என்பது போல் முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

நான் பழைய பக்கத்தைத் திரையில் காட்டினேன். சாகுல் போட்டதும் இதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்று என்பதைத் தாமஸ் ஒத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நேராகக் கேட்டார்.

"பெயரை மாத்திக்கணும்னு ஒரு வரி எழுதியிருந்தா இது நடந்திருக்காதே. ஏன் எழுதல?"

காப்பறையிலிருந்து எடுத்து வந்த தாள்கட்டுக்குள் என் முதல் பிரதியும் இருந்தது. அந்த வரியும் அதன் மேல் நீலக் கோடும் அப்படியே இருந்தன. எடுத்துக் காட்டியிருக்கலாம். கை போகவில்லை. இத்தனை வருஷம் அவர் வெட்டியதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, இப்போது மட்டும் தாளைத் தூக்கிக் காட்டுவது எனக்கு அசிங்கமாகப் பட்டது. "எழுதாமல் விட்டது என் தவறு" என்றேன். வக்கீல்களுக்குப் பிடிக்காத சொல்லும் வந்துவிட்டது.

சேஷாத்ரி சார் தொண்டையைக் கனைத்தார். "இல்லை. அவர் எழுதியிருந்தார். அது தேவையில்லைன்னு நினைச்சு வெட்டினவன் நான்தான். தவறு என்னுடையது" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாகப் பேச்சு வந்து நான் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேச்சி முழங்கையால் என்னை இடித்தாள்.

அந்தப் பக்கம் இரண்டு பேரும் கலந்து பேசிவிட்டு ஒரு முடிவு சொன்னார்கள். திருட்டு இல்லை என்று ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் கவனமில்லாத ஆளை மெஷின் பக்கம் விடலாமா என்பது மேனேஜரின் கேள்வி. சாகுல் திரும்பிப் போக வேண்டும். நாற்பது மெஷினையும் பழைய சொந்தக்காரர் பேருக்கு மாற்றுவது எப்படி என்று நாங்கள் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். அதை வைத்து, அவர்கள் கண் முன்னால், அவரே செய்ய வேண்டும். இந்த முறையும் எதையாவது கெடுத்தால் அடுத்த விமானத்தில் ஊருக்கு.

பக்கம் எழுத இரண்டு நாள் இருந்தது. நானும் சாகுலும் ஐந்தருவி அறையிலேயே உட்கார்ந்தோம். இந்த வேலையில் நான் ஒரு வாசகனை நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. முதல் பிரதியை அவர் கையில் கொடுத்துவிட்டு அவர் கண்ணைக் கவனித்தேன். கண், தலைப்பிலிருந்து நேராக எடுத்துக்காட்டுக் கட்டத்துக்குத் தாவியது. நடுவில் நான் மாங்கு மாங்கென்று எழுதிய மூன்று பத்தியையும் தொடவே இல்லை.

"தம்பி, இந்தப் பத்தியை எல்லாம் வாசிக்கலையா?"

"அதை யாரு அண்ணாச்சி வாசிப்பா? கட்டத்துக்குள்ள இருக்கதை மட்டும் எடுத்துப் போடுவோம்."

"யாருமேவா?"

"எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்ல."

நான் எழுதிய பத்திகளை எல்லாம் மனசுக்குள் எண்ணிப் பார்க்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன். வெளியே போய் ஒரு மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு வந்தேன். பிறகு பத்திகளை எல்லாம் தூக்கிப் போட்டேன். சொல்ல வேண்டியது அத்தனையும் கட்டத்துக்குள்ளேயே, அவர் கண் போகிற இடத்திலேயே, ஒவ்வொரு அடிக்கும் பக்கத்தில் வைத்தேன். முதலில் ஒரே ஒரு மெஷினை எடு. உள்ளே இருக்கிற ஒவ்வொன்றும் யார் பேரில் இருக்கிறது என்று பட்டியல் எடு. மாற்றாமல், மாற்றினால் என்ன ஆகும் என்பதை மட்டும் காட்டச் சொல். அதற்கு அடுத்து இப்படி எழுதினேன்: 'திரையில் பேச்சி தவிர வேறு சொந்தக்காரர் பெயர் ஒன்றாவது தெரிந்தால் இங்கே நிறுத்தவும். மேலே போக வேண்டாம்.'

சேஷாத்ரி சார் இரண்டாம் நாள் மத்தியானம் பார்த்தார். பத்திகள் இல்லாததைப் பார்த்து முகம் மலர்ந்தது. பென்சில் ஒவ்வொரு அடியாக இறங்கி வந்து, அந்த வாக்கியத்தில் நின்றது.

"இது எதுக்கு? எல்லாமே பேச்சி பேர்லதானே இருக்கு? வேற பேர் எப்படி வரும்? வராதவனுக்கு எதுக்குக் காபி?"

"வந்துட்டா சார்?"

"வராது கோமதி."

"போன தடவையும் இப்படித்தான் சார்..."

"அந்த வரி தேவைப்பட்டுது, ஒத்துக்கறேன். இது தேவையில்லை. வேற பேரைப் பார்த்தா எவனும் நிறுத்திடுவான்."

கோடு விழுந்தது. சார் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்குப் புறப்பட்டுவிட்டார். சாகுலுக்குத் திருவனந்தபுரத்தில் விமானம். கார் கீழே வந்து நின்றது. பக்கத்தை அச்செடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். "மதினிக்கிட்ட சொல்லிருங்க அண்ணாச்சி" என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை அவர் மெஷின் முன்னால் உட்காருகிற நாள். எனக்கு வேலை ஓடவில்லை. கீழே ஜவுளிக்கடை மைக்கில் சொன்ன தள்ளுபடி எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. என் எழுத்தை நம்பி ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்து உட்கார்ந்திருப்பது அப்படி ஒரு பயம். கிரைண்டருக்குள் யார் கை விட்டார்கள் என்றுகூட அன்றைக்கு யோசித்தேன். மத்தியானம் மூன்று மணிக்குப் போன் வந்தது.

"அண்ணாச்சி, மூணு மெஷின் சரியா வந்துட்டு. நாலாவதுல பட்டியல் எடுத்தா பேச்சி, பேச்சின்னு வந்துகிட்டு இருக்கு, நடுவுல வேற ஒரு பேரு வருது. பின்னால மேனேஜர் நின்னுகிட்டு, போ போங்கான். கை பட்டன் மேல இருக்கு. தாள்ல நிறுத்துன்னு போட்டிருந்திய. நிறுத்திட்டேன்."

"பெறகு?"

"ஏன் நிறுத்துனேன்னு மேனேஜர் சத்தம் போட்டான். தாமஸ் சார் வந்து பாத்தாரு. அந்த ஒரு மெஷின்ல முழு அதிகாரம் உள்ள துறைமுகப் பிரிவுக்காரவ யாருக்கும் சொல்லாம அதுக்குள்ள ஒரு ஃபோல்டர் வச்சு தெனமும் வேலை பாத்துட்டு இருந்திருக்காவ. அதையும் சேத்து மாத்தியிருந்தா இன்னைக்கு ஒரு கப்பல் சரக்கு எறங்கியிருக்காது. அதைத் தனியா ஒதுக்கி வச்சிட்டு மிச்சத்தை முடிச்சிட்டேன். மேனேஜர் புடுங்கி வச்சிருந்த என் அடையாள அட்டையை எடுத்து மேசையில வச்சிட்டுப் போயிட்டான். வேலை இருக்கு."

போனை வைத்துவிட்டு, ஆபீசில் எல்லோரும் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதேன். பேச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்ப மெஷின் எல்லாம் போயிட்டா?" என்றாள். போய்விட்டது என்றேன். "நல்லது. இனிமே எழுதுறதா இருந்தா எடமா எழுதுங்க" என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் சேஷாத்ரி சார் கூப்பிட்டார். தாமஸ் அவருக்கு மெயில் அனுப்பியிருக்கிறார்.

"கோமதி, பக்கத்துல நிறுத்துன்னு ஒரு வரி இருந்ததுன்னு எழுதியிருக்காரே?"

"ஆமா சார்."

"அதை நான் வெட்டிட்டேனே."

"ஆமா சார். நான் திரும்பப் போட்டுட்டேன்."

"எப்போ?"

"நீங்க குளிக்கப் போயிருந்தப்ப சார்."

போனில் அருவி விழுகிற ஓசை கேட்டது. என் சர்வீஸ் புத்தகத்தில் கடைசியாக என்ன எழுதுவார்களோ என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"சரி" என்றார் சார். "நான் மறுபடி குளிக்கப் போறேன். திரும்பி வர ரெண்டு மணி நேரம் ஆகும். கையேட்டுல இன்னும் எதையெல்லாம் போடணுமோ போட்டுடுங்க."